இன்னும் என் பேரில்

பேரணாம்பட்டு நகராட்சிப் பள்ளியில் முகாம்.
டோக்கன் நூற்று நாற்பத்தொன்று.
இடுப்பில் பதினோரு மாசம்,
விரலைப் பிடித்தபடி மூன்றரை வயசு,
பையில் ரேஷன் கார்டு, கரண்டு பில்,
பால் பாட்டில், மாற்று ஜட்டி ஒன்று.

வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை.
முன்னால் நின்ற ஷம்ஷாத் அக்கா
தன் இடத்தை விட்டுக்கொடுத்தார்,
கைப்பிள்ளைக்காரிக்குக் கொடுப்பதுபோல.
வாங்கிக்கொண்டேன்.

"குடும்பத் தலைவி எங்க?"
"ஷூ கம்பெனில மேடம்."
"நீங்க?"
"வூட்லதான் கீறேன்."
"வேலை இல்லையா?"
"ரெண்டு கீது மேடம்" என்று
இரண்டையும் காட்டினேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
மேடம் சிரிக்கவில்லை. நல்ல மேடம்தான்,
காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம்.
கிருபாவதி பெயருக்கு நேரே
தையல் என்று எழுதிய பேனா
என் பெயருக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு கோடு போட்டது.

அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது
ஐந்தேகாலுக்கு வைக்கிற உலை,
ராத்திரி மூச்சிழுப்பு, நெபுலைசர் சத்தம்,
மூத்தவள் தலைப் பேன்,
சின்னவன் விழுங்கிய ஷூ ஐலெட்
வெளியே வரும்வரை மூன்று நாள்
நான் குனிந்து பார்த்த பார்வை.

கைரேகைக்கு அவள் நேரில் வரணுமாம்.
அரைநாள் சம்பளம் இருநூற்று முப்பது போகும்,
வருகைப்படி அறுநூறு போகும்.
ஆயிரம் வாங்க எண்ணூற்று முப்பது.
"மொத மாசம் மட்டும்தானே" என்றாள்.
கணக்கில் அவள் கெட்டி.

வந்தாள், சொல்யூஷன் வாசத்தோடு.
கருவி அவளை அறியவில்லை.
கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை.
ஒன்பது வருஷம் தோலுக்குப் பசை தடவித் தடவி
விரல்களும் பதமிட்ட தோலாகிவிட்டன.
துப்பட்டாவில் துடைத்தாள்,
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றினாள்,
ஒவ்வொன்றாய் வைத்தாள்.
இடது கை மோதிர விரல் பிடித்தது.
"மோதிரம்தான் அடகுல கீது மேடம்,
வெரலு பத்திரமா கீது."
அன்றைக்கு மேடமும் சிரித்தார்.

இரண்டு மாசம் கழித்துக் குறுஞ்செய்தி.
நிராகரிக்கப்பட்டது.
காரணம்: நான்கு சக்கர வாகனம்.

தவணை கட்ட முடியாமல்
மேல்பட்டி குணாளனிடம் தள்ளிவிட்ட குட்டியானை.
பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான்,
ஆர்.சி.யை மாற்றவில்லை.
அது போனதால்தான் நான் வீட்டோடு இருக்கிறேன்.
அது இருப்பதால் பணம் கிடையாதாம்.

சொன்னபோது அவள்
யூனிஃபார்மில் மெஷின் எண்ணெய்க் கறையைத்
தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"வந்தா எம் பேர்ல வரும்.
ஆனா அது ஒனக்குத்தான்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முப்பது வருஷம் இதையே செய்த என் அம்மாவுக்குக்
கோடு போடக்கூட ஒரு கட்டம் இருந்ததில்லை.

அப்பீலுக்கு முப்பது நாள்.
மூவரும் டி.வி.எஸ்ஸில் மேல்பட்டி போனோம்.
ரயில்வே கேட் ஓரம்
தக்காளிப் பெட்டிகளோடு நின்றது வண்டி.
கதவு நசுங்கி, பெயிண்ட் உரிந்து,
நெற்றியில் மட்டும் நான் எழுதவைத்த
மஞ்சள் எழுத்து அப்படியே: அக்சா.

தூக்கிக் காட்டினேன்.
அங்கன்வாடியில் கற்ற ஒரே எழுத்தில்
விரல் வைத்தாள், "அ."
அம்மாவா, அப்பாவா என்றேன்.
"அணில்" என்றாள்.

குணாளன் சொன்னான்:
எஃப்.சி. முடிந்துவிட்டது,
அது இல்லாமல் பேர் மாற்ற முடியாது,
எஃப்.சி. என்றால் நாலு டயரும் மாற்றணும்.
"தக்காளி வெலை ஏறட்டும் மச்சான், முடிச்சிடலாம்."
ஒரு பை தக்காளி கொடுத்தான்,
பாதி கனிந்தது, பாதி அடிபட்டது.

மணி நாலரை.
ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்.
ரசத்துக்கு ஆகும்.
இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.